தேசிங்கு ராஜாவும் லைசென்ஸ் இல்லாத கோட்டையும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை பஸ்ஸில் போயிருக்கீங்களா? செஞ்சி வந்ததும் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பாம யாராலும் இருக்க முடியாது. பெரிய பெரிய பாறைகளை அள்ளிக் கொட்டி வெச்ச மாதிரி மூணு மலை, மூணையும் சேர்த்து வளைச்சு ஒரு மதில். பக்கத்து சீட்டில் இருக்கிறவர் கேட்காமலே சொல்லிடுவார், இது தேசிங்கு ராஜா கோட்டைன்னு.

ஆனா ஒரு விஷயம் தெரியுமா? அந்தக் கோட்டையைத் தேசிங்கு கட்டவில்லை. படையெடுத்துப் பிடிக்கவும் இல்லை. அதை ஆண்டது பத்து மாசம்கூட நிறையலை. இறக்கும்போது அவருக்கு வயசு 22. உங்க காலேஜில் அரியர் எழுதிக்கிட்டிருக்கிற சீனியர் அண்ணனோட வயசு, அவ்ளோதான்.

கட்டினவங்க, பிடிச்சவங்க, பல வருஷம் ஆண்டவங்க பேரெல்லாம் பாடப் புத்தகத்தோட நின்னுபோச்சு. பத்து மாசக்காரர் பேர் மட்டும் ஊரோட ஒட்டிக்கிச்சு. எப்படி? இதைப் புரிஞ்சுக்க, கொஞ்சம் சுத்தி வளைச்சு ஒரு துப்பாக்கிக் கடை வழியா போகலாம் வாங்க.

நல்லா விக்கிற துப்பாக்கி ஏன் திரும்பி வருது?

உலகம் முழுக்கத் துப்பாக்கிக் கடைகளில் பார்க்கிற ஒரு வேடிக்கை இது. எந்தக் கைத்துப்பாக்கி புதுசா அதிகம் விக்குதோ, அதுவே செகண்ட் ஹேண்ட் அலமாரியிலும் அதிகமா உட்கார்ந்திருக்கும். மட்டமான சரக்குன்னு நினைச்சுடாதீங்க. காரணங்கள் வேற.

முதல் காரணம் வெறும் கணக்கு. அதிகம் வித்தது அதிகம் திரும்பி வரும். ரோட்டில் எந்த பைக் அதிகம் ஓடுதோ, அதுதானே செகண்ட் ஹேண்ட் சந்தையிலும் அதிகம்?

ரெண்டாவது, பேரைக் கேட்டு வாங்குறது. தன் கைக்குச் சரியா உட்காருதான்னு பார்க்காம, எல்லாரும் சொல்றாங்கன்னு வாங்கிடறது. இதில் நம்ம முதல் செமஸ்டர் பிசிக்ஸும் இருக்கு. பாக்கெட்டில் அடங்கணும்னு எடை குறைஞ்ச துப்பாக்கியா தேடுவாங்க. குண்டு முன்னால் போகும்போது அதே உந்தம் பின்னால் கைக்கு வருது. குண்டு அதேதான், துப்பாக்கியின் நிறை மட்டும் பாதின்னு வெச்சுக்கோங்க. பின்னால் உதைக்கிற வேகம் இரண்டு மடங்கு, ஆற்றலும் இரண்டு மடங்கு. கடையில் கையில் எடுத்தப்போ சுகமா இருந்தது, சுட்டுப் பார்த்ததும் மணிக்கட்டைப் பதம் பார்க்குது. ரெண்டு தடவை சுட்டுட்டு வித்துடுவாங்க.

மூணாவது, வாங்குறதுக்கு ஆகுற செலவு வேற, வெச்சுக்கிறதுக்கு ஆகுற செலவு வேற. குண்டு வாங்கணும், சுத்தம் பண்ணணும், பூட்டி வைக்கணும், உரிமத்தைப் புதுப்பிக்கணும். பேர் போன பொருளுக்கு விலை சீக்கிரம் இறங்காது என்பதால், கை கடிக்கும்போது முதலில் விக்கிறதும் அதைத்தான்.

நாலாவது காரணம் நம்ம நாட்டில் ரொம்ப முக்கியம். இந்தியாவில் துப்பாக்கி வெச்சிருக்கிறவருக்கு உயிர் அந்த உலோகத்தில் இல்லை, லைசென்ஸில் இருக்கு. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் ஒரு ஆளுக்குத்தான். 2019 திருத்தத்தில் ஒருத்தர் அதிகபட்சம் மூணு துப்பாக்கி வெச்சுக்கலாம் என்பதை இரண்டாகக் குறைச்சப்போ, மூணாவதை வெச்சிருந்தவங்க அதை ஒப்படைக்க வேண்டியிருந்தது. துப்பாக்கி பழுதாகலை, மாறினது காகிதம். அப்பா இறந்துட்டார்னு வையுங்க. பீரோவில் அவர் ரிவால்வர் இருக்கு. அதனால் அது உங்களுது ஆகிடாது. உங்க பேரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கணும். இல்லைன்னா காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ கொடுத்துடணும், இல்லை லைசென்ஸ் உள்ள வேறொருத்தருக்கு வித்துடணும். வாரிசு கையில் வந்து சேர்ந்து, காகிதம் இல்லாததால் கை மாறிப்போன துப்பாக்கிகள் எத்தனையோ.

இந்த நாலையும் மனசில் வெச்சுக்கோங்க. இப்போ செஞ்சிக்குத் திரும்பலாம்.

பல கை மாறிய ஆயுதம்

கோட்டைன்னா அது ராஜா குடியிருக்கிற வீடுன்னு சினிமா பார்த்து நினைச்சுக்கிறோம். நிஜத்தில் அது ஒரு ஆயுதம். கல்லால் செஞ்ச, நகர்த்த முடியாத ஆயுதம். தென்னிந்தியாவில் அந்த வகையில் அதிகம் பேர் ஆசைப்பட்ட மாடல் செஞ்சி.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம்னு மூணு மலை. ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி. மூணையும் சேர்த்து ஓடுற மதிலின் நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். கோனார் குலத்து ஆனந்தக் கோன் தொடங்கினார்னு சொல்வாங்க. பிறகு விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் வந்து பெருசா கட்டினாங்க. 1649இல் பிஜப்பூர் சுல்தானின் படை பிடிச்சது. 1677இல் சிவாஜி வந்து பிஜப்பூர்கிட்டேயிருந்து எடுத்தார்.

புது ஓனர் வந்தா முதல் வேலை பேர் மாத்துறதுதானே? பிஜப்பூர்க்காரங்க பாதுஷாபாத்னாங்க. பின்னால் வந்த முகலாயர்கள் நுஸ்ரத்கட்னாங்க. ஐரோப்பியர்கள் கிழக்கின் ட்ராய்னு புகழ்ந்தாங்க.

அந்தப் புகழுக்குக் காரணமும் இருந்தது. 1689இல் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்ற பிறகு, அவர் தம்பி ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி அந்த வருஷக் கடைசியில் செஞ்சிக்குள் புகுந்தார். அடுத்த வருஷம் ஔரங்கசீபின் தளபதி ஜுல்ஃபிகர் கான் வந்து முற்றுகை போட்டார். கோட்டை அவர் கையில் விழுந்தது 1698இல். அதுக்கு முன்னாடியே ராஜாராம் நழுவிப் போயிருந்தார். உலகத்திலேயே பணக்காரப் பேரரசு ஒண்ணு, ஏழு வருஷத்துக்கு மேல் ஒரு மலையடிவாரத்தில் காத்துக் கிடந்தது.

இவ்வளவு பாடுபட்டுப் பிடிச்ச பொருளை முகலாயர்கள் என்ன செஞ்சாங்க தெரியுமா? தலைமையிடமா வெச்சுக்கலை. ஜுல்ஃபிகருக்குப் பிறகு வந்த தாவூத் கான் ஆற்காட்டுக்குப் போயிட்டார். செஞ்சியில் காய்ச்சல் அதிகம், தண்ணீரும் காற்றும் உடம்புக்கு ஒத்துக்கலைன்னு ஒரு புகார். 13 கிலோமீட்டர் மதிலுக்கு ராத்திரியும் பகலும் ஆள் போட்டுக் காவல் காக்கிற செலவையும் யோசிச்சுப் பாருங்க. நல்லா சுடும், ஆனா வீட்டில் வெச்சுக்க முடியாது. அந்த ரெண்டாவது, மூணாவது காரணம்தான்.

அப்பாவின் ஃபர்மான்

பெரியவங்க ஆற்காட்டுக்குப் போனதும், செஞ்சியைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணுமே? 1700 வாக்கில் ஔரங்கசீப் அந்தப் பொறுப்பை ஸ்வரூப் சிங் என்கிற புந்தேல ராஜபுத்திரருக்குக் கொடுத்தார். இன்னைய உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் சந்திக்கிற புந்தேல்கண்டிலிருந்து வந்தவர். கோட்டைத் தலைவர் பதவி, 2,500 மன்சப் தரம், 12 லட்சம் மதிப்புள்ள ஜாகீர். எல்லாம் ஃபர்மான் என்கிற அரசாணையில் எழுதி வந்தது.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துங்க. ஜாகீர்னா பட்டா நிலம் மாதிரின்னு நினைச்சா கதை தப்பாகிடும். முகலாய ஏற்பாட்டில் ஜாகீர் என்பது சம்பளத்துக்குப் பதிலா ஒரு பகுதியின் வரியை வசூலிச்சுக்க அனுமதி. வேலையில் இருக்கிற வரைக்கும்தான். ஆள் செத்தா அனுமதி முடிஞ்சது. மகனுக்குக் கிடைக்கணும்னா மறுபடி அரசர் எழுதிக் கொடுக்கணும். நம்ம ஆயுத லைசென்ஸ் மாதிரியேதான்.

ஸ்வரூப் சிங் 1714 வரை செஞ்சியில் இருந்தார். அதுக்குள் டெல்லியில் என்னென்னவோ நடந்துபோச்சு. 1707இல் ஔரங்கசீப் இறந்தார். பகதூர் ஷா வந்தார், போனார். ஜஹாந்தார் ஷா வந்தார், ஒரு வருஷத்துக்குள் போனார். 1713இல் ஃபரூக்சியார் உட்கார்ந்தார். செஞ்சியைப் பிடிச்ச அதே ஜுல்ஃபிகர் கானை அந்த வருஷமே கழுத்தை நெரிச்சுக் கொல்ல வெச்சார். செஞ்சியில் இருந்த ஃபர்மானில் கையெழுத்துப் போட்ட ஆளும் இல்லை, அதுக்காகப் பேச வேண்டிய ஆளும் இல்லை. இந்தக் குழப்பத்தில் ஸ்வரூப் சிங் பல வருஷமா கப்பம் கட்டாம ஓட்டிட்டார்.

1714இல் அவர் முதுமையால் இறந்தார். சேதி புந்தேல்கண்டுக்குப் போனது. மகன் தேஜ் சிங் கிளம்பி வந்தார். தேஜ் சிங் என்கிற பேர் நம்ம வாயில் தேசிங்கு ஆச்சு.

வந்தவர் அப்பாவுக்குச் செய்ய வேண்டிய கடைசிக் காரியங்களைச் செஞ்சு முடிச்சார். கோட்டைப் பொறுப்பையும் தானே எடுத்துக்கிட்டார். கூட இருந்த காரியதரிசி ஒரு யோசனை சொன்னார். டெல்லிக்கு எழுதி உங்க பேரில் உறுதி ஆணை வாங்கிடுங்க, அதுதான் முறை என்பது அவர் வாதம். தேசிங்கு கேட்கலை. அப்பாவுக்கு ஔரங்கசீப்பே கொடுத்த ஃபர்மான் கையில் இருக்கும்போது, யாரிடமும் போய் நிற்கத் தேவையில்லை என்பது அவர் எண்ணம்.

அவர் பக்கமும் யோசிச்சுப் பாருங்க. ஆறு வருஷத்தில் மூணு பாதுஷா மாறியாச்சு. இன்னைக்கு வாங்குற ஆணை நாளைக்குச் செல்லுமான்னு யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் ஔரங்கசீப் பேர் போட்ட காகிதம் ரொம்ப கனமா தெரிஞ்சிருக்கும். ஆனா அந்தக் காகிதத்தில் இருந்தது அப்பா பேர்.

70 லட்சம்

ஆற்காட்டில் அப்போ நவாப் சாதத்துல்லா கான். 1710லேயே கர்நாடகப் பகுதி முழுக்க அவர் பொறுப்புக்கு வந்திருந்தது. கணக்கில் கெட்டிக்காரர். செஞ்சி பத்து வருஷமா ஒண்ணும் கட்டலை, பாக்கி சுமார் 70 லட்சம்னு டெல்லிக்கு எழுதினார். மகனிடம் அந்தப் பாக்கியைக் கேட்டார்.

பத்து மாசம் முன்னாடி வரை புந்தேல்கண்டில் இருந்த பையன். இந்த ஊர் பாஷை பழகுற நேரம்கூட ஆகியிருக்காது. அப்பா வெச்சுட்டுப் போன கடன், உடம்புக்கு ஒத்துக்காத ஊர், பராமரிக்க முடியாத மதில், செல்லாத லைசென்ஸ். செகண்ட் ஹேண்ட் பொருளில் இருக்கக்கூடிய அத்தனை வில்லங்கமும் ஒரே பொருளில் வந்து சேர்ந்தது.

புத்திசாலி ஓனர் என்ன செய்வார்? பேரம் பேசுவார். கோட்டையைக் கொடுத்துட்டு, கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி, வேற ஒரு சின்ன ஜாகீர் கேட்டு வாங்கிக்கிட்டுக் குதிரையேறிடுவார். செஞ்சியின் வரலாற்றில் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் இதைத்தான் செஞ்சாங்க. ராஜாராம் உயிரோட நழுவினார். தாவூத் கான் ஆற்காடு போனார். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆயுதம் என்பது உயிரைக் காப்பாத்தத்தானே?

தேசிங்கு கொடுக்க மாட்டேன்னுட்டார். பணமும் கிடையாது, கோட்டையும் கிடையாது.

1714 அக்டோபர் 3

நவாப் பெரும்படையோட கிளம்பி வந்தார். ஆயிரக்கணக்கில் குதிரை வீரர்கள், ஆயிரக்கணக்கில் சிப்பாய்கள். தேசிங்கு பக்கம் சில நூறு பேர்.

ஏழு வருஷம் ஔரங்கசீப் படையைத் தடுத்து நிறுத்தின மதில் அவருக்குப் பின்னால் இருந்தது. உள்ளே உட்கார்ந்திருக்கலாம். ஆனா 13 கிலோமீட்டர் மதிலுக்குச் சில நூறு பேர்னா, ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு தூரம் காவல் வருதுன்னு நீங்களே வகுத்துப் பாருங்க. 500 பேர்னு வெச்சாலும் ஆளுக்கு 26 மீட்டர், அதுவும் யாரும் தூங்காம இருந்தா. பேர் போன ஆயுதம், கடைசி நேரத்தில் அவர் கைக்கு அடங்கலை.

அவர் வெளியே வந்தார். மழை பெய்து ஆற்றில் வெள்ளம். குதிரையோடு வெள்ளத்தைக் கடந்து, கடலி கிராமத்துப் பக்கம் நவாபின் படை மேல் பாய்ந்தார். கூட வந்தவர்களில் உயிர் நண்பர் மகபத்கானும் ஒருவர். கல்யாணக் கோலத்தில் இருந்தவர், சேதி கேட்டு மணவறையை விட்டு எழுந்து வந்தார்னு சொல்வாங்க. சண்டை அன்னைக்கே முடிஞ்சது. மகபத்கானும் இறந்தார், தேசிங்கும் இறந்தார். அவருடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். போர்க்களம் பக்கமே வராத அந்தப் பெண்ணும் இந்தக் கணக்கில் ஒரு உயிர். வீரக்கதையாச் சொல்லும்போது நாம் இதை வேகமாத் தாண்டிடறோம்.

பாட்டு வேற, பதிவு வேற

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி வரலாற்றுப் பதிவு. உங்க பாட்டிக்குத் தெரிஞ்ச தேசிங்கு வேற ஆள். கதைப்பாட்டிலும் தெருக்கூத்திலும் வர்றவர். டெல்லி பாதுஷாவின் அடங்காத குதிரையைச் சின்ன வயசிலேயே அடக்கினவர். குதிரை பேர் பாராசாரி, நண்பனின் குதிரை நீலவேணி. போருக்குப் போகும் முன் சிங்கவரம் மலையில் பள்ளிகொண்ட ரங்கநாதரிடம் உத்தரவு கேட்கிறார். போகாதேன்னு பெருமாள் முகத்தைத் திருப்பிக்கிட்டார். இன்னைக்கும் சிங்கவரம் போனால் அந்தத் திரும்பின முகத்தைக் காட்டி இந்தக் கதையைச் சொல்வாங்க. 1960இல் எம்.ஜி.ஆர். நடிச்ச படமும் வந்தது.

பாட்டில் 70 லட்சத்துக்குப் பெருசா இடம் இல்லை, மன்சப், ஜாகீர் பேச்சும் இல்லை. மக்கள் கடன் கணக்கை ஞாபகம் வெச்சுக்கலை. ஒரு இந்துப் பையனும் ஒரு முஸ்லிம் பையனும் ஒண்ணா குதிரையேறிப் போய் ஒண்ணா செத்ததை ஞாபகம் வெச்சாங்க. வடக்கிலிருந்து வந்து பத்து மாசம் இருந்தவரைத் தமிழ்நாட்டுக் கூத்து மேடை தன் பிள்ளையா எடுத்துக்கிச்சு.

அதுக்கப்புறம்

கோட்டை நவாபுக்குப் போனது. 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை அதை ஒரே ராத்திரியில் பிடிச்சது. ஆமாம், ஏழு வருஷம் தாங்கின அதே கோட்டை. மதில் மாறலை, உள்ளே இருந்த ஆட்கள்தான் மாறியிருந்தாங்க. பிரெஞ்சுக்காரர்களும் அங்கே காய்ச்சலில் நிறைய சிப்பாய்களை இழந்தாங்க. 1761இல் புதுச்சேரி விழுந்த கையோட செஞ்சியும் ஆங்கிலேயரிடம் போனது. 1780இல் ஹைதர் அலி கைக்கு. மறுபடி ஆங்கிலேயர் கைக்கு. அதோட சரி, அதுக்கு மேல் யாருக்கும் அந்த ஆயுதம் தேவைப்படலை.

இன்னொண்ணும் சொல்லணும். பதவி பரம்பரைச் சொத்து ஆகாதுன்னு தேசிங்கு மேல் படையெடுத்து வந்த சாதத்துல்லா கானுக்குக் குழந்தை இல்லை. 1732இல் அவர் இறந்தபோது ஆற்காட்டு நவாப் பதவி, அவர் மகனா வளர்த்த சகோதரர் மகன் தோஸ்த் அலிக்குப் போனது. குடும்பத்துக்குள்ளேயே! சட்டம் அதேதான். மேலே கேள்வி கேட்கிற கை மட்டும் தளர்ந்துபோயிருந்தது. தேசிங்கு இன்னும் இருபது வருஷம் கழிச்சுப் பிறந்திருந்தால், அப்பாவின் ஃபர்மானே போதுமானதா இருந்திருக்கலாம்.

தேசிங்கு செஞ்சது சரியா, தப்பா? காரியதரிசி பேச்சைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தா, பாக்கியில் கொஞ்சம் கட்டி மீதிக்குத் தவணை கேட்டிருந்தா, ரெண்டு இளைஞர்களும் ஒரு பெண்ணும் கூட வந்த நூற்றுக்கணக்கான பேரும் இன்னும் பல வருஷம் இருந்திருப்பாங்க. அந்தக் கோட்டை அத்தனை உயிருக்குத் தகுதியான பொருள் இல்லைன்னு, அதுக்கு முன்னும் பின்னும் வந்த ஒவ்வொரு ஓனரும் அதை விட்டுப் போயே காட்டிட்டாங்க. என்னைக் கேட்டால், அந்த விண்ணப்பத்தை அவர் எழுதியிருக்கணும். நீங்க ஒத்துக்காம போகலாம். செஞ்சிப் பக்கத்து நண்பர்கள் நிச்சயம் ஒத்துக்க மாட்டீங்க. சண்டை போட வாங்க, காத்திருக்கேன்.

2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள்னு 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கிற ஒரே கோட்டை செஞ்சி. காகிதத்தில் இப்போ அது மராட்டியக் கோட்டை. பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கு மட்டும் அது இன்னும் தேசிங்கு ராஜா கோட்டை.

போனீங்கன்னா ராஜகிரி மேலே ஏறி செல்ஃபி எடுத்துட்டு இறங்கிடாதீங்க. கீழே செட்டிக்குளக் கரையில் ஒரு மேடை இருக்கு, தேசிங்குக்குச் சிதை மூட்டின இடம்னு சொல்வாங்க. ராணிப்பேட்டைங்கிற ஊர்ப் பேரே அந்தச் சிதையில் ஏறின ராணியை நினைச்சு வெச்சதுன்னும் சொல்வாங்க. கடலிப் பக்கம் போனால் மகபத்கானின் சமாதியும், கூடவே தேசிங்கு குதிரையின் சமாதியும் இருக்கு. வெயில் ஏறுறதுக்குள்ள போயிடுங்க, தண்ணி பாட்டில் மறக்காம எடுத்துக்கோங்க.